வசந்தாமணியின் முதுகும் சூட்டுப் பிளாஸ்திரியும்

ஜனவரி 6

பைப் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி. வருடா வருடம் இதில் எந்த மோட்டார் எப்போது என் ரிப்பேர் கடைக்கு வந்தது, யார் தோட்டத்து மோட்டார், காயில் என்கிற கம்பிச் சுருள் எப்படி எரிந்தது என்பதை மட்டும்தான் எழுதுவேன். இந்த வருடம் மற்றதையும் எழுதலாம் என்று இருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

என் மனைவி வசந்தாமணி வள்ளி கும்மி கற்றுக்கொள்ளப் போகிறாள். மாரியம்மன் கோயில் மைதானத்தில் மார்கழி பிறந்ததிலிருந்து பயிற்சி நடக்கிறது. ஊரில் பாதிப் பெண்கள் அங்கேதான். ஐம்பத்தொரு வயதில் இந்த ஆட்டம் எதற்கு என்று கேட்டேன்.

"நாப்பத்தொண்ணுல ஆரும் சொல்லிக் குடுக்க வரலீங்களே" என்று சொல்லி, ஹாட் பாக்ஸை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஹாட் பாக்ஸில் சோறு சூடாகத்தான் இருந்தது. ஆனால் ஹாட் பாக்ஸோடு பேச முடியாது.

ஜனவரி 9

ராத்திரி வசந்தா ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்து வந்தாள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, முதுகின் இடது பக்கம் பிடித்துக்கொண்டதாம். கும்மியில் குனிந்து கைதட்டி, நிமிர்ந்து திரும்பி, மறுபடியும் குனிய வேண்டும். பாட்டு முடியும்வரை இதேதான். மோட்டாராக இருந்தால்கூட நடுவில் ஓய்வு கொடுப்பார்கள்.

"பேசாம நிறுத்திக்க. நாளைக்கு நானே வந்து வாத்தியார்கிட்டச் சொல்லீர்றேன்" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். விஷயம் பிறகுதான் தெரிந்தது. வாத்தியார் கவியரசு இவளை முன்வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறார். இவள் கைதட்டு பிசகுவதே இல்லையாம். இவளைப் பார்த்து மற்றவர்கள் ஆடலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். கல்யாணப் போட்டோவிலேயே என் அக்காமார் மறைத்துக்கொள்ள, இவளுக்குப் பாதி முகம்தான் விழுந்திருக்கும். பயிற்சி முடிந்து ஊர் முன்னால் ஆடும் அரங்கேற்றத்தில் முன்வரிசை என்றால் சும்மாவா?

ஆனால் ஒரு சிக்கல். போன வருடம் பக்கத்து ஊர் அரங்கேற்றத்தில் ஒரு அம்மாள் முதுகுப் பிடிப்போடு ஆடிக் கீழே விழுந்துவிட்டாராம். அதிலிருந்து வலி என்று யார் சொன்னாலும் வாத்தியார் உட்கார வைத்துவிடுகிறார். அதனால் இவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னையும் விடக்கூடாது என்றாள்.

ஜனவரி 12

பெங்களூரிலிருந்து மகள் பிரியங்கா கூரியரில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள். உள்ளே சூட்டுப் பிளாஸ்திரி. உறையைக் கிழித்து, பின்பக்கத் தாளை உரித்து, வலிக்கிற இடத்தில் ஒட்டினால் அதுவாகவே சூடாகுமாம். கரண்ட் வேண்டாம், வெந்நீர் வேண்டாம்.

"அப்பா, அம்மாக்கு அங்க கை எட்டாது. நீங்கதான் ஒட்டி உடோணும்" என்று போனில் சொன்னாள்.

ஒட்டினேன். கோணலாகப் போய்விட்டது. உரித்து மறுபடியும் ஒட்டினேன். இந்த முறை மேலே ஏறிவிட்டது.

"மோட்டாருக்குப் பேர்ப் பலகை ஒட்டறீங்களா? முதுகுங்க அது" என்றாள்.

பயிற்சி முடிந்து வந்தவள் நேராக நடந்து வந்தாள். பரவாயில்லை, பிளாஸ்திரி வேலை செய்கிறது.

ஜனவரி 13

கரண்ட் இல்லாமல் ஒரு பொருள் எப்படிச் சூடாகும் என்று நாள் முழுவதும் யோசனை. கடையில் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்புத் தூள். காந்தத்தைக் காட்டினேன், ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. இரும்புத் தூள்தான். காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கிறது, அந்தச் சூடுதான் இது. துருவை என் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு நல்ல குணம் இருப்பது தெரியாமல் போயிற்று.

சோதித்துப் பார்க்காத பொருளை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஆகவே ஒன்றை என் இடுப்பிலும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு வலி எதுவும் கிடையாது. பெரிய மோட்டார் தூக்கிய அன்று மட்டும் லேசாக இருக்கும். இது சோதனை.

ஜனவரி 15

பொங்கல். பயிற்சி இல்லை. வசந்தா வீட்டில் இருந்தாள். சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது. கடை மூடியிருந்தாலும் சோதனையை நிறுத்தவில்லை.

ஜனவரி 19

கோயில் போர்வெல் மோட்டாரில் சத்தம் வருகிறது என்று தோன்றியதால் சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் அவசரப்படாமல், பயிற்சி முடிகிறவரை நின்று பார்த்தேன்.

வசந்தா ஆடுவதை இன்றுதான் பார்க்கிறேன். வீட்டில் சப்பாத்திக் கட்டையை எடுக்கவே "ஐயோ முருகா" என்று குனிகிறவள், அங்கே வேறு ஆளாக இருந்தாள். பாட்டு திரும்புவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவள் கால் திரும்பிவிடுகிறது. பக்கத்தில் சுலோச்சனா, ரேஷன் கடைக்காரர் மனைவி, ஒவ்வொரு முறையும் இவளைத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்துத்தான் ஆடுகிறது. முன்வரிசை இவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை.

ஜனவரி 20

மோட்டாரை மறுபடியும் பார்க்கப் போனேன்.

ஜனவரி 22

இன்றும்தான். வாத்தியார் கவியரசு, மீசை சரியாக முளைக்காத பையன், மைக்கை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏனுங்கண்ணா, மோட்டாரு ரொம்பக் கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டார். பேரிங் என்று எதையோ சொன்னேன். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வசந்தா மட்டும் சிரிக்காமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். முதுகில் பிளாஸ்திரி தெரிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

ஜனவரி 26

இப்போது எனக்குக் கை பழகிவிட்டது. ஒரே ஒட்டு, சுருக்கம் இல்லை. வசந்தா முக்காலியில் திரும்பி உட்காருகிறாள். நான் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, இடத்தைத் தடவிப் பார்த்து ஒட்டுகிறேன். ஓரங்களை அழுத்திவிட்டு, ஒட்டிக்கொள்ளட்டும் என்று உள்ளங்கையைச் சற்று நேரம் அப்படியே வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவள் எதையாவது பேசுகிறாள். இன்று, சின்ன வயதில் தறி ஓடும் குடோனுக்கு வேலைக்குப் போன கதை. தறிச் சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டு அறுந்த நூலை முடிவாளாம். முப்பது வருடத்தில் இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பாளா தெரியாது.

பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் அழுத்தவேண்டும் என்று உறையில் எழுதியிருக்கும். நான் பார்க்கவில்லை.

ஜனவரி 30

அரங்கேற்றம் பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எல்லோருக்கும் ஒரே மாதிரி அரக்கு நிறச் சேலை வந்துவிட்டது. கோயில் கமிட்டிக்காரர்கள் கடைக்கு வந்து, ஜெனரேட்டரும் விளக்கும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒப்புக்கொண்டேன்.

பிப்ரவரி 3

பயிற்சி நேரத்தைக் கூட்டிவிட்டார்கள். வசந்தாவுக்கு வலியும் கூடிவிட்டது. பிளாஸ்திரியின் சூடு மேலோடு நின்றுவிடுகிறது, உள்ளே இறங்கவில்லை என்றாள்.

இறங்க வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? காயில் கட்டி முடித்ததும் அப்படியே ஓட்டினால் நிற்காது. வார்னிஷ் ஊற்றி, பிறகு சூட்டில் வைக்க வேண்டும். சூடு பட்டால்தான் வார்னிஷ் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் இறங்கும். முதுகும் அப்படித்தானே இருக்க வேண்டும். முதலில் வலிக் களிம்பை நன்றாகத் தேய்த்து உலரவிட்டேன். அதன்மேல் பிளாஸ்திரி. களிம்பால் அது நழுவியது. அதற்கும் வழி இருக்கிறது. கடையிலிருந்து காயில் கட்டுகிற பருத்தி நாடாவைக் கொண்டு வந்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"இதென்னங்க, என்னயப் பத்து ஹெச்பி மோட்டாருன்னு நெனச்சுட்டீங்களா?" என்றாள்.

"அசையாம நில்லு. இன்னைக்குத் தெரியும் பாரு வித்தியாசம்" என்றேன்.

பிப்ரவரி 4

வித்தியாசம் தெரிந்தது.

வசந்தாவின் முதுகில் உள்ளங்கை அளவுக்குச் செக்கச்செவேல் என்று வெந்திருக்கிறது. நடுவில் இரண்டு கொப்புளம். நேற்றுப் பயிற்சி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எரிய ஆரம்பித்ததாம். அவிழ்க்கப் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் கடைசிவரை ஆடிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து நாடாவை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன்.

"எரியுதுன்னு தெரிஞ்சும் எதுக்கு ஆடுன?"

"உள்ள எறங்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. நீங்க அத்தன உறுதியாச் சொன்னீங்களே."

இதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

காலையில் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் புண் ஆறும்வரை சூடு கிட்டவே போகக்கூடாது என்றார். களிம்பு தேய்த்த இடத்தில் இதை ஒட்டச் சொன்னது யார் என்று கேட்டார். வசந்தா கூரையைப் பார்த்தாள். நான்தான் என்று சொன்னேன். பிரியங்காவிடம் போனில் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். களிம்போடு சேர்த்துப் போடக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது என்று உறையிலேயே போட்டிருக்கிறதாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். போட்டிருக்கிறது.

அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கிறது. பிளாஸ்திரி இல்லாமல் மூன்று மணி நேரம் அவளால் ஆட முடியாது. விழுந்து வைத்தால் என்ன செய்வது?

பிப்ரவரி 5

வசந்தாவிடம் சொல்லாமல் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கவியரசு பாயில் குப்புறப் படுத்திருந்தார். அவர் மனைவி அவருடைய தோள்பட்டையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதே கம்பெனிப் பிளாஸ்திரி.

என்னைப் பார்த்ததும் பையன் துள்ளி எழுந்து சட்டையைத் தேடினார். "அண்ணா, ஊருக்குள்ள சொல்லீராதீங்க. தெனமும் நாலு ஊருக்குப் போய் ஆடறனுங்களா, தோளு போச்சுங்க" என்றார்.

நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வலி, பிளாஸ்திரி, வார்னிஷ், நாடா. அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டது. வாத்தியார் சிரிக்கவில்லை.

"முன்வரிசைல நிக்கறவங்க நடுவுல போய் உக்கார முடியாதுங்ணா. அக்காவக் கடசி வரிசைக்கு மாத்தீர்றேன். முடியலீன்னா சித்த உக்காந்துட்டு வரலாம், ஆருக்கும் தெரியாது. அதுக்கு மேல என்னால முடியாதுங்க. விழுந்துட்டா நாந்தான பதில் சொல்லோணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வருகிற வழியில்தான் நான் என்ன செய்துவிட்டு வருகிறேன் என்பது உறைத்தது. முதுகையும் கெடுத்தேன், இடத்தையும் கெடுத்தேன்.

பிப்ரவரி 6

நேற்றுப் பயிற்சியிலேயே, முன்வரிசையில் வசந்தா இருந்த இடத்தில் சுலோச்சனா.

"நானே சொல்லாத சங்கதிய நீங்க எதுக்குங்க போய்ச் சொன்னீங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதன்பிறகு பேச்சில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் பயிற்சிக்குக் கிளம்பும்போது வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "சட்டையக் கழட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா."

கழற்றினேன். என் இடுப்பில் கோணல்மாணலாக ஒட்டியிருந்த பழைய பிளாஸ்திரியை உரித்துப் போட்டு, துண்டால் துடைத்து, புதிது ஒன்றை ஒட்டினாள். சரியாக வலிக்கிற இடத்தில்.

"கண்ணாடியப் பாத்து ஒட்டுனா கோணலாத்தான் போகும். பொங்கலுக்கே பாத்துட்டனுங்க. எப்பச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"எனக்கொன்னும் வலியில்ல" என்றேன்.

"இல்லீங்க. ஆருக்குமே வலியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கை வைத்திருந்த இடம் பிளாஸ்திரி சூடாவதற்கு முன்னாலேயே சூடாக இருந்தது.

பிப்ரவரி 7

நாள் முழுக்க மைதானத்தில் வயர் இழுத்தேன். கமிட்டி போட்ட திட்டப்படி விளக்கெல்லாம் கோயில் பக்கம். விருந்தாளிகளுக்கு நாற்காலியும் அங்கேதான். வரிசையாக நிறுத்திப் பார்த்தால், கடைசி வரிசை இருக்கும் இடம் கும்மிருட்டு. யார் ஆடுகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. வாத்தியார் "ஆருக்கும் தெரியாது" என்று சொன்னது இதைத்தான்.

ஆனால் நான் மூன்று வாரம் மோட்டார் பார்த்தவன். கடைசிப் பாட்டில் மொத்தக் கூட்டமும் அப்படியே பின்பக்கம் திரும்பி ஆடும் என்று எனக்குத் தெரியும்.

கமிட்டித் தலைவர் வந்து, பின்னால் எதற்கு இத்தனை கம்பம் நடுகிறாய் என்று கேட்டார். ஜெனரேட்டரில் ஒரே பக்கம் லோடு ஏறினால் எரிந்துவிடும், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்றேன். பெரிதாகத் தலையாட்டினார். கடையிலிருந்த ஃபோகஸ் விளக்கு அத்தனையையும் கொண்டுபோய்ப் பின்பக்கம் கட்டிவிட்டேன். குனிந்து நிமிர்ந்து இடுப்பு கழன்றுவிட்டது. வலிக்கிறது. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 9

நேற்று எழுத முடியவில்லை. அரங்கேற்றம் பற்றி இன்று எழுதுகிறேன்.

பொழுது சாய்ந்ததும் பாட்டு தொடங்கியது. முன்னால் விருந்தாளிகள், சால்வை, செல்போன்கள். நான் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் நின்றேன். சுவிட்சைப் போட்டதும் பின்பக்கம் பகல் மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சம் இருக்கும் இடத்துக்குக் கூட்டம் தானாக வரும் என்று நினைத்தேன், வந்தது. நாற்காலி கிடைக்காதவர்கள், கைக்குழந்தைக்காரிகள், தறிக்குடோன் ஆட்கள், கொய்யாப்பழம் விற்கிறவர், எல்லோரும் சுற்றி வந்து பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். கடைசி வரிசைக்கென்று தனியாக ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

வசந்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றாள். முதல் பாட்டில் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டில் தறிக்குடோன் பெண்கள் அவள் கைதட்டுக்குத் தட்ட ஆரம்பித்தார்கள். அவள் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் கால் தரையில் பட்டதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பாதியில் வலி வந்துவிட்டது. திரும்புகிறபோது முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. மெதுவாக விலகி வந்து ஜெனரேட்டர் வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"வலிக்குதா?"

"ஆமாங்க. நல்லா வலிக்குது."

"போதும்னா உட்டுரு வசந்தா. ஆட்டம் எங்க போகுது?"

அவள் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "முன்னாலயவிட இங்கதாங்க வெளிச்சம் சாஸ்தி. எதுக்குங்க இத்தன லைட்டு?"

லோடு, சமம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "எனக்கு உன்னயப் பாக்கோணும்" என்றேன்.

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். மீதிச் சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். முதுகை அழுத்திக்கொண்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

கடைசிப் பாட்டு வந்தது. வாத்தியார் மைக்கில் குரலை உயர்த்த, மொத்தக் கூட்டமும் பின்பக்கம் திரும்பியது. கடைசி வரிசை முதல் வரிசை ஆகிவிட்டது. சுலோச்சனா எங்கோ பின்னால், பார்த்து ஆட ஆளில்லாமல் தடுமாறிக்கொண்டிருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் வசந்தாமணி, அத்தனை விளக்கும் மேலே விழ, அவள் கைதட்டுக்கு ஊரே தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நானும் தட்டினேன். ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை, நல்லவேளை நிற்கவில்லை.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, ஜெனரேட்டர் பக்கத்து விளக்கு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, வயரையெல்லாம் சுற்றி முடித்தேன். வசந்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வாத்தியார் கூப்பிட்டுப் பேசினாராம். அடுத்த மாதம் வெள்ளகோவிலில் ஆட்டம், அதற்குள் முதுகு சரியாகிவிட்டால் பழையபடி முன்வரிசை என்றாராம்.

"சந்தோசந்தான?" என்றேன்.

"வேண்டாம்னு சொல்லீட்டனுங்க."

"ஏன்?"

"முன்னால நாற்காலிதாங்க இருக்குது."

ஜெனரேட்டரை அணைத்தேன். மைதானம் இருண்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருட்டில் வயர் காலைத் தடுக்கும் என்றேன். வயரையெல்லாம் நான் ஏற்கெனவே சுற்றி வைத்துவிட்டது அவளுக்கும் தெரியும். எங்கள் வண்டிவரை அப்படியே நடந்தோம்.